நீர்க்காகம் ஏன் சிறகைக் காயப்போடுகிறது?

கண்மாய்க் கரையில் காலை நடை போகிறவர்களுக்குத் தண்ணீரில் கருப்பாக எது மிதந்தாலும் அது 'கருப்பு வாத்து'தான். அதே பறவை மடைத் தூணில் ஏறி இரண்டு சிறகையும் விரித்து நின்றால் 'சூரிய நமஸ்காரம் பண்ணுது பாருங்க' என்று ஒருவர் சிரிப்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் குறுக்கே வந்து, 'அதுக்கு உடம்புல எண்ணெயே ஊறாது, அதான் இறகெல்லாம் நனைஞ்சுபோய்க் காயவைக்குது' என்பார். இன்னொருவர் கைபேசியை எடுத்து, கழுத்தில் கயிறு கட்டிய பறவையை விட்டு மீன் பிடிக்கும் காணொளியைக் காட்டுவார். 'இதுதான் அது!'

முதலாவது தப்பு. இரண்டாவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். காணொளியில் இருப்பது வேறு இனம்: ஜப்பானில் கிஃபு நகரத்து நாகரா ஆற்றில் அப்படிப் பழக்குவது ஜப்பானிய நீர்க்காகத்தை, சீனாவில் பெரிய நீர்க்காகத்தை. மிச்சம் இருப்பது எண்ணெய்க் கதை. அது பாதி சரி, பாதி தப்பு. பாதி சரியாக இருப்பதால்தான் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்குத்தான். போகிற வழியில் பறவையின் தோற்றம், இடம், சாப்பாடு, கூடு எல்லாம் வரும்.

## காகமா, வாத்தா?

பெயரில் காகம் இருக்கிறது. நமக்கு மட்டும் இல்லை. மலையாளத்தில் நீர்க்காக்க, கன்னடத்தில் நீருகாகெ, தெலுங்கில் நீட்டிகாகி, சிங்களத்தில் தியகாவா, இந்தியில் பன்கௌவா. எல்லாம் தண்ணீர்க் காக்காய்தான். ஐரோப்பாக்காரர்களும் தப்பவில்லை. அவர்கள் இன்று சொல்லும் 'கார்மரன்ட்' என்ற பெயரே 'கடல் காகம்' என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் 'வழுக்கைத்தலைக் காகம்' என்று பொருள். கருப்பாக இருக்கிறது, காக்காய் என்றுவிட்டோம். உலகம் முழுக்க இதே கதை.

உண்மையில் காகத்துக்கும் இதற்கும் சொந்தம் ஏதும் இல்லை. வாத்துக்கும் இல்லை. நீர்க்காகத்தின் நெருங்கிய உறவு பாம்புத்தாரா. கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே பாம்புபோல ஆடிக்கொண்டு போகுமே, அதுதான். கடல்மேல் திரியும் சில பறவைகள் தூரத்துச் சொந்தம்.

காலைப் பார்த்தால் வாத்து இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். வாத்துக்கு முன் விரல்கள் மூன்றுக்கும் இடையில் சவ்வு இருக்கும், பின்விரல் தனியாக நிற்கும். நீர்க்காகத்துக்கு நான்கு விரல்களையும் ஒரே சவ்வு இணைக்கிறது. நம் கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு விரல்களை அகட்டினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. இவ்வளவு பெரிய துடுப்பை வைத்துக்கொண்டு அது மரக்கிளையிலும் மின்கம்பியிலும் உட்காருவதுதான் ஆச்சரியம். தரையில் நடப்பது மட்டும் பார்க்கச் சகிக்காது. கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி அமைந்திருப்பதால் ஆடி ஆடித்தான் நடக்கும்.

## நம் குளத்தில் நிற்பது எது?

தமிழ்நாட்டு நன்னீர்க் குளங்களில் மூன்று வகை நீர்க்காகங்களைப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் மூன்றில் சிறியது: சின்ன நீர்க்காகம். 1817இல் வியெய்யோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை அறிவியல் முறையில் விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் மைக்ரோகார்போ நைஜர். நீளம் சுமார் 50 சென்டிமீட்டர், எடை அரைக் கிலோவை ஒட்டி. ஊர்க்காக்கையைவிடக் கொஞ்சம் பெரிது, வால் நீளம், அலகு குட்டை. நெற்றி மேடிட்டு, தலை சின்ன உருண்டைபோல இருக்கும்.

அடுத்தது கொண்டை நீர்க்காகம். 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அலகு ஒல்லியாக நீண்டிருக்கும், கண் பளிச்சென்று நீலப்பச்சை. மூன்றாவது பெரிய நீர்க்காகம். 80 சென்டிமீட்டரைத் தாண்டும், இரண்டு கிலோவுக்கும் மேல் எடை போடும், அலகடியில் மஞ்சள் தோல் தெரியும். மூன்றும் ஒன்றாக நின்றால் குழப்பமே இல்லை. தனியாக ஒன்று நின்றால் அலகைப் பாருங்கள். குட்டையாக, முகத்தில் ஒட்டவைத்ததுபோல இருந்தால் சின்னது.

ஒரே குளத்தில் தொண்டை வெளுத்த பறவை ஒன்றும் முழுக்கக் கருத்த பறவை ஒன்றும் பார்த்துவிட்டு, இரண்டும் வெவ்வேறு இனம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்ன நீர்க்காகம் சீசனுக்கு உடை மாற்றும், அவ்வளவுதான். இனப்பெருக்கக் காலத்தில் பளபளக்கும் கருப்பு, பின்தலையில் குட்டையாக ஒரு கொண்டை, முகத்தோரம் சில வெள்ளை இழைகள். மற்ற மாதங்களில் பழுப்பு கலந்த கருப்பு, தொண்டையில் வெள்ளை. குஞ்சு வளர்ந்து வரும் வயதில் இன்னும் பழுப்பாக இருக்கும்.

பாம்புத்தாராவோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம், அதுவும் சிறகு விரிக்கும். அதன் அலகு குத்தீட்டிபோல நேராகக் கூர்ந்திருக்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கீழ்நோக்கி ஒரு கொக்கி. ஒன்று மீனைக் குத்தும், மற்றது கவ்வும்.

ஆக, இது காக்காயும் இல்லை, வாத்தும் இல்லை. நாலு விரலும் சவ்வால் இணைந்த, கொக்கி அலகுக்காரப் பறவை. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது சின்ன வகை. இனி தண்ணீருக்குள் இறங்கலாம்.

## காலிக்குடம்

கிணற்றிலோ தொட்டியிலோ தண்ணீர் மொண்டவர்களுக்கு இது தெரியும். காலிக்குடத்தை வாய் மேலே இருக்கும்படி நேராக அமுக்கினால் இறங்காது. கையை எடுத்தால் மேலே துள்ளும். குடத்தைச் சாய்த்தால் 'குளக் குளக்' என்று காற்று வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும், குடம் தானாக முங்கும். குடம் அதேதான். உள்ளே இருந்த காற்று போனதுதான் வித்தியாசம்.

தண்ணீர் ஒரு பொருளை மேலே தள்ளும் இந்த விசைக்கு மிதப்பு விசை என்று பெயர். பொருள் எவ்வளவு தண்ணீரை இடம்பெயர்க்கிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு மேலே தள்ளப்படும். காற்றுக்கு எடை சொற்பம், அடைக்கும் இடமோ அதிகம். அதனால் காற்றைச் சுமக்கும் எதுவும் மிதக்கத்தான் பார்க்கும்.

பறவை என்பதே காற்றைச் சுமக்கும் உடம்பு. நுரையீரல் ஒருபக்கம் இருக்கட்டும், இறகுகளுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றே ஏராளம். வாத்து அந்தக் காற்றை விடுவதில்லை, அதனால்தான் தக்கைபோல மேலாக மிதக்கிறது. முதுகு முழுக்க வெளியே தெரியும். நீர்க்காகம் நீந்தும்போது பாருங்கள். உடம்பு தண்ணீரில் பாதி அமிழ்ந்திருக்கும். சில சமயம் கழுத்தும் தலையும் மட்டும் குடைக்காம்புபோல நீட்டிக்கொண்டு போகும். அது குடத்தைச் சாய்த்துவிட்ட பறவை.

மீன் தேடி முங்குகிறவருக்கு மிதப்பு ஒரு தொல்லை. காலால் உதைத்து உதைத்துக் கீழே போக வேண்டும், உதைப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும். காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம். கேள்வி, எப்படி விடுகிறது என்பதுதான்.

## துண்டும் குஞ்சமும்

இங்கேதான் எண்ணெய்க் கதை வருகிறது. 'வாத்து இறகில் எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்துக்கு எண்ணெய் இல்லை, நனைந்துவிடும்' என்பது அந்தக் கதை.

முதல் திருத்தம்: நீர்க்காகத்துக்கு எண்ணெய் உண்டு. பெரும்பாலான பறவைகளைப்போல இதற்கும் வால் தொடங்கும் இடத்தில், முதுகுப் பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. வாலடிச் சுரப்பி என்று வைத்துக்கொள்வோம். அலகால் அங்கே தொட்டு இறகெல்லாம் தடவிக் கோதிக்கொள்ளும். கரையில் உட்கார்ந்து அது கழுத்தைப் பின்னால் வளைத்து வாலடியில் அலகைத் தேய்ப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இரண்டாவது திருத்தம் இன்னும் சுவாரசியமானது. வாத்தின் இறகில்கூடத் தண்ணீர் ஒட்டாததற்குப் பெரிய காரணம் எண்ணெய் அல்ல. இறகின் நெசவு.

ஒரு குடையை எடுத்துக்கொள்ளுங்கள். குடைத்துணியில் எண்ணெய் தடவியிருக்கிறதா? துணிதானே, நெசவில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் மழைத்துளி உள்ளே இறங்குவதில்லை. தண்ணீரின் மேற்பரப்பு தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தோல்போல நடந்துகொள்கிறது. இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். தாமரை இலையில் தண்ணீர் முத்தாக உருளுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஓட்டை சின்னதாக இருக்கும்வரை அந்தத் தோல் கிழியாது. ஓட்டை பெரிதானால் தண்ணீர் நுழைந்துவிடும். குடைத்துணிக்கும் கொசுவலைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இறகும் ஒரு நெசவுதான். நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இழைகள் கிளம்பும். ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய கிளைகள், அவற்றில் கொக்கிகள். பக்கத்து இழையோடு கொக்கிகள் மாட்டிக்கொள்ளும். ஒரு கோழி இறகை எடுத்து விரலால் கீழ்நோக்கி உருவினால் பிரியும், மேல்நோக்கி நீவினால் ஜிப் போட்டதுபோல மறுபடி ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். இந்த நெசவு நெருக்கமாக இருந்தால் தண்ணீர் நுழையாது. எண்ணெயின் வேலை இழைகளை வளையும் பதத்தில், உலர்ந்து உடையாமல் வைத்திருப்பது. நெசவு நன்றாக இருக்க எண்ணெய் உதவுகிறது.

பெரிய நீர்க்காகத்தின் உடல் இறகை நுண்ணோக்கியில் ஆராய்ந்த முடிவு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஒவ்வோர் இறகுமே இரண்டு ரகமாக இருந்தது. நடுப்பகுதி நெருக்கமான நெசவு, தண்ணீர் புகாது. ஓரப்பகுதி தளர்ந்த, ஒழுங்கில்லாத இழைகள். தண்ணீரைத் தொட்ட மறுகணம் நனைந்துவிடும்.

நல்ல நெருக்கமாக நெய்த துண்டு ஒன்று, ஓரமெல்லாம் குஞ்சம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீரில் தோய்த்தவுடன் குஞ்சம் தொப்பலாகிவிடும், நடுத்துணி கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும். நீர்க்காகத்தின் மேல் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான குட்டித் துண்டுகள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வெளியே தெரிவது குஞ்சம், அது நனைகிறது, அங்கே இருந்த காற்று ஓடிவிடுகிறது. உள்ளே தோலை ஒட்டிய நடுப்பகுதிகள் சேர்ந்து ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

அந்தப் படலம் எதற்கு? குளிருக்கு. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, தண்ணீர் கடத்தும். முழுக்க நனைந்தால் உடம்புச் சூடு தண்ணீரில் கரைந்துவிடும். நம் ஊர்க் குளத்தில் இதை யோசிக்கத் தோன்றாது. ஆனால் பெரிய நீர்க்காகங்கள் கிரீன்லாந்தில் பனிக்காலத்தைக்கூடக் கழிக்கின்றன. தொப்பலாக நனைகிற பறவை அங்கே ஒரு வாரம் தாங்காது.

பழைய கதை எங்கே வழுக்கியது என்று இப்போது தெரியும். 'நனைகிறது' என்றது சரி. 'எண்ணெய் இல்லை' என்றது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, நனைவதை ஒரு குறைபாடாக, பாவம் என்று பார்த்தது. மேலே நனைந்து, உள்ளே நனையாமல், முங்கவும் வேண்டும், குளிரவும் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் நடுவில் செய்துகொண்ட ஏற்பாடு இது.

## அப்புறம் காயப்போட வேண்டுமே

குஞ்சம் நனைந்தால் கனம் கூடும். சிறகின் பெரிய பறக்கும் இறகுகளிலும் தண்ணீர் சேரும். ஈர வேட்டியோடு சைக்கிள் மிதித்தவருக்கு இந்தச் சிரமம் புரியும். அதனால் முங்கி முடித்ததும் ஏதாவது ஒரு தூணையோ பட்ட கிளையையோ பாறையையோ பிடித்து ஏறி நின்றுகொள்கிறது. முதலில் ஒரு உதறல். பிறகு சிறகுகள் மெதுவாகத் திறக்கும். பின்னால் வால் விசிறியாக விரியும். அவ்வப்போது லேசாக ஒரு படபடப்பு, மறுபடி சும்மா நிற்கும்.

காயவைக்கத்தான் விரிக்கிறதா என்பதிலேயே நீண்ட நாள் விவாதம் நடந்தது. வெயில் காய்கிறது, செரிமானத்துக்காக நிற்கிறது, மற்ற பறவைகளுக்கு 'இங்கே மீன் இருக்கு' என்று காட்டுகிறது என்றெல்லாம் சொன்னார்கள். இலங்கையில் நம் சின்ன நீர்க்காகத்தையே கவனித்துச் செய்த ஆய்வு ஒன்று இதில் உதவியது. தண்ணீருக்கடியில் அதிக நேரம் இருந்த பறவை அதிக நேரம் சிறகு விரித்து நின்றது. காற்று சூடாகவும் உலர்வாகவும் இருந்த வேளையில் சீக்கிரமே மடக்கிக்கொண்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற யாருக்கும் இந்தக் கணக்கு புரியும். வெயில் காய்வதுதான் நோக்கம் என்றால் குளிர்ந்த காலையில் முங்காத பறவையும் விரித்து நிற்க வேண்டும்.

பாம்புத்தாராவின் விஷயம் வேறு. அதன் இறகு நீர்க்காகத்தைவிட நன்றாகவே நனைந்துவிடும், உடம்பு சீக்கிரம் குளிரும். அதனால் அது சிறகு விரிப்பதில் காய்வதோடு வெயிலில் சூடேறுவதும் சேர்ந்திருக்கிறது. ஒரே தோரணையில் பக்கத்துப் பக்கத்துத் தூணில் நிற்கும் இரண்டு பறவைகளுக்கும் காரணம் முழுக்க ஒன்று என்று நினைக்க வேண்டியதில்லை.

நண்பகல் வெயிலில் வாயைப் பாதி திறந்துகொண்டு தொண்டைத் தோலைப் படபடவென்று நடுக்கிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். அதற்கும் காய்வதற்கும் தொடர்பில்லை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுபோல, ஈரத்தை ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கும் வழி அது.

## முங்கிய பிறகு என்ன நடக்கிறது

மேலிருந்து பார்த்தால் ஒரு சின்னத் துள்ளல், தலைகீழாக ஒரு குட்டிக்கரணம், அப்புறம் வட்ட வட்டமாக அலை மட்டும். உள்ளே சிறகுகள் உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும். அவற்றால் நீந்துவதில்லை. பின்னால் தள்ளி அமைந்த இரண்டு கால்களும் ஒன்றாக உதைக்கும், வால் சுக்கானாகத் திருப்பும். தரையில் அசிங்கமாக நடக்கவைத்த அதே கால் அமைப்பு இங்கே படகின் பின்பக்க மோட்டார்.

வளர்ந்த நீர்க்காகத்துக்கு வெளிமூக்குத் துளைகள் அடைபட்டிருக்கும். வாயால்தான் மூச்சு. முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறும் தொல்லை அதற்கு இல்லை.

கண் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போவோம். நாம் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். காற்றில் இருக்கும்போது ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கை விழியின் முன்தோல் செய்கிறது. தண்ணீரில் அது பலிப்பதில்லை, ஏனென்றால் அந்த முன்தோலே ஏறக்குறைய தண்ணீர்போலத்தான் ஒளியை வளைக்கிறது. நீர்க்காகம் இதைக் கண்ணுக்குள் இருக்கும் வில்லையை வைத்துச் சமாளிக்கிறது. வில்லையை அழுத்தி நன்றாக உருட்டிவிட்டால் குவியம் மறுபடி கிடைக்கும். நம் வில்லைக்கு அவ்வளவு நெகிழ்வு கிடையாது.

அதற்காக நீருக்கடியில் அது பருந்துபோலப் பார்க்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய நீர்க்காகங்களைச் சோதித்துப் பார்த்ததில், நீருக்குள் அவற்றின் பார்வைக் கூர்மை சுமார்தான். தூரத்து மீனைக் குறிவைத்துப் பாய்வதைவிட, பக்கத்தில் கிளம்பி ஓடும் மீனைச் சட்டென்று எட்டிக் கவ்வுவதே அதன் பாணி. அந்த விதத்தில் கொக்கின் வேலைதான், கொக்கு மேலே நின்று செய்வதை இது உள்ளே போய்ச் செய்கிறது.

சின்ன நீர்க்காகம் ஆழத்துக்குப் போகிற பறவை இல்லை. பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான தண்ணீரில், விரல் நீளத்துக்கும் சிறிய மீன்களையே பிடிக்கும். தவளை, தலைப்பிரட்டை, இறாலும் உண்டு. தனியாகவோ சின்னக் கூட்டமாகவோ மேயும். கொண்டை நீர்க்காகங்கள் வேறு மாதிரி, பெருங்கூட்டமாகச் சேர்ந்து மீனை ஒரு பக்கமாக விரட்டும். அப்படி அவை விரட்டும்போது கரையோரம் துள்ளும் மீனுக்காகக் கொக்குகள் கூடவே ஓடும்.

ஒருநாள் கலிங்கின் அருகே ஒரு சின்ன நீர்க்காகம் தன் தலையைவிட அகலமான ஜிலேபிக் கெண்டையோடு மேலே வந்தது. முதலில் குறுக்குவாட்டில் கவ்வியிருந்தது. முதுகு முள் விரைத்து நின்றது, அப்படியே விழுங்கினால் தொண்டை கிழியும். பறவை மீனைத் தண்ணீரில் இரண்டு தரம் அடித்தது. தூக்கிப் போட்டுப் பிடித்தது, வால் பக்கம் சிக்கியது. மறுபடி தூக்கிப் போட்டது. இந்த முறை தலை உள்ளே இருந்தது. தலை முதலில் போனால் முள்ளும் துடுப்பும் பின்னோக்கி மடங்கிக்கொள்ளும். கழுத்து புடைத்தது, புடைப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நீந்திப்போனது. இதற்குள் ஒரு சின்னக் கொக்கு பறித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் வந்து ஏமாந்து நின்றது.

காலால் உந்தல், வாயால் மூச்சு, வில்லையை உருட்டிப் பார்வை, கொக்கியால் கவ்வல், தலை முதலில் விழுங்கல். முங்கிய பறவையின் வேலை இவ்வளவுதான். நமக்குத் தெரிவது அதன் முதல் நொடியும் கடைசி நொடியும் மட்டும்.

## இருக்கும் இடம்

கண்மாய், ஏரி, கோயில் தெப்பக்குளம், வாய்க்கால், நெல்வயல் மடு, உப்பங்கழி. மீன் இருக்கும் ஆழமில்லாத தண்ணீரும், உட்கார ஒரு கம்பும் இருந்தால் போதும். தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்றுகூட அது எதிர்பார்ப்பதில்லை. சென்னையில் பள்ளிக்கரணை, கோவையில் உக்கடம், சிங்காநல்லூர் குளங்கள் எல்லாம் பார்க்கத் தோதான இடங்கள். இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, ஜாவாவரை இதே பறவைதான். அழியும் பட்டியலில் இல்லை.

சாயங்காலம் ஆனால் நாலைந்தாகவும் பத்துப் பதினைந்தாகவும் கழுத்தை நீட்டி, இடைவிடாமல் சிறகடித்து ஒரே திசையில் போவதைப் பார்க்கலாம். இரவு தங்க ஒரு மரம் வைத்திருக்கும், பெரும்பாலும் கொக்குகளோடு பங்குபோட்டு.

கூடு கட்டுவதும் கூட்டமாகத்தான். தென்னிந்தியாவில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை சீசன், மழை பெய்து குளம் நிறைந்த பிறகு. தண்ணீரில் நிற்கும் மரங்களில் சுள்ளிகளை அடுக்கி மேடைபோல ஒரு கூடு. மூன்றிலிருந்து ஐந்து முட்டை, நீலம் கலந்த வெண்மை, மேலே சுண்ணாம்பு பூசியதுபோல. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பிறக்கும்போது உடம்பில் ஒரு மயிர் இருக்காது. சாப்பாட்டு நேரத்தில் தாய் வாயைத் திறக்க, குஞ்சு தன் தலையை முழுசாக அதன் தொண்டைக்குள் விட்டு எடுத்துக்கொள்ளும். முதல்முறை பார்க்கிறவர்கள் தாய் குஞ்சை விழுங்குகிறது என்று பதறிப்போவார்கள்.

இதைப் பார்க்க வேடந்தாங்கலைவிட வசதியான இடம் கிடையாது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் மாடிக் குடியிருப்புபோல அடுக்கடுக்காகக் குடியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பது 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியின் அங்கீகாரம் பெற்றது. அன்பு மட்டும் காரணமில்லை. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் போகிறது, தனியாக உரம் போட்ட மாதிரி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் அளவு மீறினால் அது விழும் மரமே வெளுத்துக் காய்ந்துபோவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

## குத்தகைக்காரர் சொல்வது

எல்லோருக்கும் இந்தப் பறவையைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நான் தொலைநோக்கியில் பார்ப்பதைக் கவனித்து, "தம்பி, உங்களுக்கு அது அழகு. நான் காசு குடுத்து வாங்கி விட்ட குஞ்சு மீனெல்லாம் அது வயித்துலதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொடி மீன்தான் சின்ன நீர்க்காகத்தின் சாப்பாடு, புதிதாக விட்ட மீன் குஞ்சும் பொடி மீன்தான். அதற்கு வளர்ப்பு மீன், நாட்டு மீன் என்ற பேதம் தெரியாது. மீன் விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்த பிறகு இந்தப் பறவையால் பெரிய சேதம் வராது, அப்போது கொண்டையும் பெரியதும்தான் கவலை. குஞ்சு விட்ட புதிதில் வலைக்கூண்டுக்குள் வைத்து வளர்த்து, பெரிதான பிறகு திறந்துவிடுவது நல்ல வழி என்றேன். "'பண்றவங்க பண்றாங்க, நமக்கு எங்க தம்பி கட்டுப்படியாகும்'னு நீங்களே சொல்லுவீங்க, அண்ணே" என்று நான் சிரித்தபோது, அவரும் சிரித்துவிட்டார்.

பேசிக்கொண்டே இருந்தபோது எதிரே ஒன்று முங்கியது. "எங்க எந்திரிக்கும் சொல்லுங்க" என்றார். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து, பதினொன்று. முங்கிய இடத்துக்கு நேர் எதிரே நாணல் ஓரமாகக் கையைக் காட்டினேன். நான் காட்டியதற்கு எதிர்ப்பக்கம், மடைத் தூணுக்குப் பக்கத்தில், வெறும் வாயோடு அது தலையைத் தூக்கியது. தூணில் ஏறி ஒரு உதறு உதறிவிட்டுச் சிறகை விரித்தது.

"பொழைச்சுது ஒரு குஞ்சு" என்றார் அவர்.